பேஸ் நூறு

அந்தப் பட்டையை அழகாகத்தான் செய்திருந்தாள் பூங்கோதை. திரையில் ‘பேஸ்’ என்ற சொல்லுக்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு கோடு, கோட்டின் மேல் ஒரு சின்ன வட்டம். வட்டத்தை இடமிருந்து வலமாக இழுத்தால் பின்னாலேயே நீலம் நிரம்பிக்கொண்டு வரும். பக்கத்தில் எண் ஓடும். நூறைத் தொட்டதும் ஒரு மினுக்கு மினுக்கி நிற்கும். ஒரே ஒரு விஷயம், அந்தப் பட்டை எதனோடும் இணைக்கப்படவில்லை. பத்தில் வைத்தாலும் நூறில் வைத்தாலும் சப்வூஃபர் பெட்டிக்குப் போகிற பேஸ், அதாவது பாட்டின் அடி அதிர்வு, ஒரே அளவுதான், ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. பிள்ளையின் கையில் பொம்மை ஸ்டியரிங்கைக் கொடுத்து முன் சீட்டில் உட்கார வைத்துவிட்டு அப்பா வண்டி ஓட்டுகிற மாதிரியான ஏற்பாடு.

ஆத்திரத்தில் செய்துவிட்டாள் என்று சொன்னால் அது பாதி உண்மை. ஆத்திரத்தோடு கொஞ்சம் ரசித்தும் செய்தாள். பின்னால் அவளைப் போட்டு வதைத்தது அந்த ரசித்த பாதிதான்.

கோவை சரவணம்பட்டியில் அவர்கள் குடியிருந்த கட்டடத்தில் இருபத்துநான்கு வீடுகள். வீட்டை விற்கும்போதே பில்டர் ஒவ்வொரு ஹாலிலும் சுவருக்குள் ஒரு கணினியையும், தரையோடு பதித்த ஒரு சப்வூஃபரையும் இலவசமாகக் கொடுத்திருந்தார். இலவசம் என்றதும் யாரும் அது எதற்கு என்று கேட்கவில்லை. பூங்கோதைக்கு மட்டும் அதன் உள்விவரம் தெரியும். சவுண்ட் கார்டுகளுக்கு டிரைவர் எழுதுவதுதான் அவளுக்கு வேலை. டிரைவர் என்பது கணினிக்கும் சவுண்ட் கார்டுக்கும் நடுவில் நிற்கிற ஒரு சின்ன மென்பொருள். பேஸ் இவ்வளவு வேண்டும் என்று நாம் திரையில் சொல்வதைக் கருவிக்குப் புரிகிறபடி எடுத்துச் சொல்லும். எடுத்துச் சொல்லாமல் விழுங்கிவிடவும் அதனால் முடியும்.

அவள் இருந்தது மூன்றாவது மாடியில். நேர் கீழே இரண்டாவது மாடியில் மருதாசலமும் அவர் மனைவி குணவதியும். மருதாசலத்துக்கு ஐம்பத்தொரு வயது, பிறவியிலேயே காது கேட்காது. கணபதியில் ஒரு பம்பு கம்பெனியில் மோட்டார் டெஸ்டர். சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்கு வருவார், குளிப்பார், காப்பி குடிப்பார். பிறகு செருப்பில்லாத பாதங்களைத் தரையில் ஊன்றி, சப்வூஃபர் பக்கத்தில் சம்மணம் கொட்டாமல் குந்தி உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் பெட்டியின் மேல் வைத்துக்கொண்டு பாட்டைப் போடுவார். பட்டை நூறில் நிற்கும். அதோடு மேல் வீட்டில் பூங்கோதையின் அலமாரியில் இருக்கும் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசி விளிம்பை நோக்கி நடக்க ஆரம்பிக்கும். அவளுக்கு இடது நெற்றிப் பொட்டில் வலி ஆரம்பிக்கும். வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள், ஓடி ஒளிய இடம் கிடையாது.

மூன்று முறை கீழே போய்ச் சொன்னாள். “ஐயோ, தலவலியா அம்மிணி? கொறைக்கச் சொல்லீர்றேன்” என்பாள் குணவதி. இரண்டு நாள் பேஸ் அறுபதில் இருக்கும். மூன்றாம் நாள் திரும்ப நூறு. அறுபதில் அந்த மனிதரின் கைக்கு ஒன்றுமே வந்து சேராது என்பது பூங்கோதைக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவள் மெனக்கெடவும் இல்லை.

மற்ற வீட்டுக்காரர்களும் புலம்பினார்கள். குடியிருப்போர் சங்கச் செயலாளர் நாச்சிமுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கூட்டம் போட்டார். கீழ் வீட்டுக்காரர்களைக் கூப்பிடவில்லை.

“காது கேக்காத மனுசனுக்குப் பாட்டெதுக்குங்க? அவரு பாட்டுக்குப் போட்டுட்டு உக்காந்துக்கறாரு, கேக்கறது நாமெல்லாம்” என்றார் நாச்சிமுத்து. எல்லோரும் சிரித்தார்கள். பூங்கோதையும் சிரித்தாள்.

“ஏனுங் அம்மிணி, இந்த சவுண்டுக்கெல்லாம் டிரைவரு நீங்கதான் எழுதறீங்களாமா? நம்மளுக்கும் ஒண்ணு எழுதிப் போட்டா என்ன?”

“அவரு வீட்டுல மட்டும் கொறைச்சாப் பத்தாதுங்க. எல்லா வீட்டுப் பெட்டியும் சேரணும்” என்றாள் அவள். யோசனை அவளுக்குள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது.

“சேந்து என்னங்க பண்ணும்?”

“கெணத்துல கல்லப் போட்டா அலை கெளம்புதில்லீங்களா? அதே நேரத்துல, அதே அளவுல, நேர் எதிரா இன்னொரு அலைய விட்டா ரெண்டும் ஒண்ணையொண்ணு தின்னுட்டுப் போயிரும். தண்ணி சும்மாக் கெடக்கும். நம்ம பெட்டியெல்லாம் தரையிலதான் பதிச்சிருக்குது. எந்த வீட்டுல அதிர்வு கெளம்பினாலும் இருபத்துநாலும் சேந்து எதிர் அலை விடற மாதிரி எழுதீரலாம். பாட்டு கேக்கும், பேச்சு கேக்கும். இந்த டம் டம் மட்டும் இருக்காது.”

“அவருகிட்டச் சொல்லோணுமுங்களா?”

“எதுக்குங்க சொல்லணும்?” என்றாள் பூங்கோதை.

பத்து நாளில் எழுதி முடித்தாள். ‘அமைதி’ என்று அதற்குப் பெயரும் வைத்தாள். மற்ற வீடுகளில் விஷயத்தைச் சொல்லித்தான் ஏற்றினார்கள். மருதாசலத்தின் வீட்டுக்கு ஜனவரி பத்தொன்பதாம் தேதி அவளே போனாள். பொங்கல் முடிந்த வாரம். குணவதி பொங்கலுக்குச் சுட்ட கச்சாயப் பலகாரத் தட்டை நீட்டினாள். அதில் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டே டிரைவரை ஏற்றி முடித்து, திரும்பி மருதாசலத்தைப் பார்த்து, “புது டிரைவருங்கண்ணா. பேஸ் இன்னும் நல்லா வரும்” என்றாள்.

உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்கிறவரிடம் பொய் சொல்வது தனி வேலை. முணுமுணுத்துவிட்டு நழுவ முடியாது. முகத்துக்கு நேரே நின்று, வாயைத் திறந்து, ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி நிறுத்திச் சொல்ல வேண்டும். அவள் அப்படித்தான் சொன்னாள். அவர் கைகூப்பினார்.

அன்றைக்குச் சாயங்காலம் டம்ளர்கள் அசையவில்லை. அவள் ஆறு மணிக்கு ஜன்னலோரம் உட்கார்ந்து காப்பி குடித்தாள். பல மாதங்களுக்குப் பிறகு தலைவலி இல்லாத மாலை.

நான்காம் நாள் மருதாசலம் மேலே வந்தார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு குறிப்பேடும் பேனாவும் வைத்திருப்பார். ‘பேஸ் குறைந்துள்ளது. பெட்டியில் குறையா, பார்க்க முடியுமா?’ என்று எழுதிக் காட்டினார். அந்த நிமிடம் சொல்லியிருக்கலாம். சிரித்து மழுப்பியாவது உண்மைக்குப் பக்கத்தில் போயிருக்கலாம். அவள் கீழே இறங்கிப் போய், பெட்டியைத் தட்டிப் பார்த்து, ஒயரை ஆட்டிப் பார்த்து, வட்டத்தை நூறுக்கு இழுத்துக் காட்டினாள். நூறு மினுக்கியது. அவருடைய குறிப்பேட்டிலேயே எழுதிக் கொடுத்தாள்: ‘எல்லாம் சரியாக இருக்கிறது. பெட்டியில் குறை இல்லை. – கோதை.’

அவர் அதைப் படித்தார். பெட்டியின் மேல் மறுபடி கை வைத்தார். கையை எடுத்து, உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அவர் ஏன் கையைப் பார்க்கிறார் என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

அதன் பிறகு அவளுக்கு எல்லாம் ஏறுமுகம்தான். ஆண்டுக் கூட்டத்தில் நாச்சிமுத்து பொன்னாடை போர்த்தினார். அலுவலகத்தில் பேச்சுவாக்கில் சொல்லப்போக, மேலாளர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஏப்ரலில் கம்பெனியின் புதுப் பதிப்பிலேயே ‘அமைதி’யைச் சேர்த்து, அடுக்குமாடிகளாகப் பார்த்து அனுப்பினார்கள். “பட்டை வேல செய்யலேன்னு ஒருத்தர்கூட கம்ப்ளெய்ன்ட் பண்ணல பாருங்க, நகந்தாப் போதும் ஜனங்களுக்கு” என்று மேலாளர் வியந்து போனார். வியந்ததற்குப் பாராட்டு அவளுக்கு வந்தது.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனபோது குணவதியைப் பார்த்தாள். கொடியைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றிருந்தாள்.

“என்னங்கக்கா, கால்ல என்ன?”

“இடுப்புங் கண்ணு. ரெண்டு மாசமாச்சு. குளிக்கற ரூம்புல வழுக்கி உளுந்துட்டேன்.”

“அண்ணன் வீட்டுல இல்லீங்களா?”

“இருந்தாரு, ஹால்ல உக்காந்து பேப்பர் படிச்சுட்டு இருந்தாரு.” குணவதி ஈரத் துணியை உதறிவிட்டு அதை அப்படியே கையில் வைத்துக்கொண்டாள். “எங்க வீட்டுல கூப்படறதுன்னா வாயிலயா கூப்படறோம்? தரையில ரெண்டு மிதி மிதிச்சா அவரு திரும்பிப் பாப்பாரு. கண்ணாலம் ஆன நாள்ல இருந்து அப்புடித்தான், இருபத்தாறு வருசம். சமையக்கட்டுல நின்னு மிதிச்சா பெட்ரூம்புல இருந்து எந்திரிச்சு வருவாரு. கொஞ்ச நாளு முன்னால இருந்தே மிதிச்சாத் திரும்பறதில்ல, ஏதோ நெனப்புல இருக்காருன்னு விட்டுட்டேன். அன்னைக்கு உளுந்தவாக்குல குதிங்காலால தரைய அடிச்சேன், சொம்பால அடிச்சேன். முக்கா மணி நேரம் கண்ணு. மனுசன் அசையல.”

பூங்கோதையின் கையிலிருந்த துணிக் கிளிப் ஒன்று கீழே விழுந்தது. அவள் குனிந்து எடுக்கவில்லை.

“தண்ணி குடிக்க எந்திரிச்சவரு தற்செயலாப் பாத்து ஓடி வந்தாரு. என்னையத் தூக்கி உக்கார வெச்சுட்டு அவரு தரையில உக்காந்துட்டாரு. அன்னைக்குத்தான் எனக்கே தெரிஞ்சுது. கை மரத்துப் போயிட்டு வருதுன்னு தை மாசத்துல இருந்தே சொல்லிட்டிருந்தாரு. காலும் போச்சுங்கறத எங்கிட்டச் சொல்லாம மறைச்சிருந்தாரு.”

“டாக்டர்கிட்டக் காட்டுனீங்களா?”

“காட்டாம? சுகர் இருக்குதில்ல அவருக்கு. டாக்டர் ஒரு கவட்டைக் கம்பியத் தட்டி, கால்ல வெச்சுப் பாத்தாரு. அது தெரியுதுன்னு இவரு தலையாட்டுனாரு. தெரிஞ்சாலும் சுகர்க்காரங்களுக்கு இப்புடித்தான் ஆரம்பிக்கும், சின்ன அதிர்வு மொதல்ல போகும்னு மாத்திர குடுத்துட்டாரு. அதப் போட்டா நாளெல்லாம் தூங்கித் தூங்கி விழுகறாரு.” குணவதி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “அது போகட்டும். வேலையில்ல போகுது.”

“என்னங்கக்கா சொல்றீங்க?”

“மோட்டார் மேல கைய வெச்சாருன்னா பேரிங்ல ஒரு துளி மண்ணு இருந்தாலும் சொல்லீருவாரு. மிசினு பாஸ் பண்ணுனதக்கூட இவரு வேண்டாம்னா திருப்பிப் பிரிப்பாங்க. அப்பேர்ப்பட்ட ஆளு, அவராப் போயி எழுதிக் குடுத்துட்டு வந்துட்டாரு. கை மரத்துப் போனவன் பாஸ் சீல் குத்துனா எவனோ ஒருத்தன் தோட்டத்துல மோட்டார் எரியும், என்னைய மாத்தீருங்கன்னு. திங்கக்கெழம காலைல அந்த பாஸ் சீலைத் திருப்பிக் குடுக்கறாரு. அதுக்கப்பறம் பேக்கிங் செக்சன். அட்டப்பெட்டி ஒட்டோணும்.”

“கம்பெனியில மோட்டார் மேல வெச்சா கைக்குத் தெரியுதுங்களா?” என்று கேட்டாள் பூங்கோதை.

“தெரியுதுங்கறாரு. ஆனா வீட்டுல ஒண்ணுமே தெரியாத கை அங்க மட்டும் நெசம் பேசும்னு எப்புடி நம்பறதுங்கறாரு.”

அவள் எடுக்க வந்த துணிகளைக் கொடியிலேயே விட்டுவிட்டு இறங்கினாள். படிக்கட்டில் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு வந்தது பயம் இல்லை, வெறும் வெட்கம். அவ்வளவு வெட்கத்தை அவள் அதுவரை அறிந்ததில்லை. பாட்டின் டம் டம்மைத் தின்ன வேண்டும் என்று எழுதினாள். குதிங்கால் சத்தத்தையும் சொம்புச் சத்தத்தையும் அது சேர்த்துத் தின்றிருக்கிறது. ஒரு பெண் தரையில் விழுந்து புருஷனைக் கூப்பிட்டிருக்கிறாள், இருபத்துநான்கு பெட்டிகளும் கூடி நின்று அவள் வாயைப் பொத்தியிருக்கின்றன. அந்த நேரத்தில் தான் மேலே என்ன செய்துகொண்டிருந்தோம் என்று யோசித்தாள். நிம்மதியாக இருந்திருப்பாள்.

முதலில் அவளுக்குத் தோன்றியது கோழைத்தனமான வழிதான். சத்தமில்லாமல் டிரைவரை எடுத்துவிடலாம். கை தானாகவே திரும்பி வந்ததாக ஆகிவிடும், யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம். பெட்டிகள் எல்லாம் ‘அமைதி’ வழியாக ஒன்றோடொன்று இணைந்துதான் இருந்தன; வீட்டுக்குள் போய்த் தன் கணினியிலிருந்தே பத்து நிமிடத்தில் இருபத்துநான்கு வீடுகளிலிருந்தும் அதை நீக்கினாள். பட்டையை அதன் வேலையோடு மறுபடி இணைத்தாள். பிறகு அலமாரிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து காத்திருந்தாள்.

ஆறரை மணிக்கு டம்ளர்கள் நடக்க ஆரம்பித்தன. அவளுக்கு அழுகை வந்தது. அந்த எழவெடுத்த டம் டம்மைக் கேட்டு ஒரு நாள் சந்தோஷப்படுவோம் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள்.

கால் மணி நேரம் போனது. கதவைத் தட்டியது குணவதி. வலியோடு மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. ஒரு கையில் விபூதிப் பொட்டலம்.

“வந்துருச்சு அம்மிணி! கை வந்துருச்சு! பெட்டி மேல கைய வெச்சவரு ஆடிப் போயிட்டாரு. நான் சமையக்கட்டுல நின்னு ரெண்டு மிதி மிதிச்சேன் பாரு, விசுக்குனு திரும்புனாரு. மருதமலைக்கு மொட்டை போடறதா வேண்டியிருந்தோம். முருகன் கைவிடல.” அவள் பூங்கோதையின் நெற்றியில் தானே விபூதியைப் பூசிவிட்டாள். “உனக்குந்தான் கண்ணு பூசோணும். மத்தியானம் நான் சொன்னதுக்கு உன்ர மூஞ்சி எப்புடிப் போச்சுன்னு பாத்தேனில்ல. பெத்த புள்ளையாட்டம் வருத்தப்பட்டே.”

பூங்கோதை இமையில் உதிர்ந்த விபூதியைத் துடைத்துக்கொண்டாள். இதோடு விட்டுவிடலாம், முருகன் பெயரில் கணக்கு முடிந்துவிடும் என்று மனம் சொல்லத்தான் செய்தது.

“அப்ப திங்கக்கெழம சீலைக் குடுக்க வேண்டியதில்லைங்களேக்கா?”

குணவதியின் முகம் வாடியது. “அதுதான் கண்ணு மனசுக்குச் சங்கடமா இருக்குது. குடுத்தே தீருவேங்கறாரு. இன்னைக்கு வந்த கை நாளைக்குப் போயிருச்சுன்னா? எதுக்குப் போச்சுன்னும் தெரியல, எதுக்கு வந்துதுன்னும் தெரியல. காரணம் தெரியாமச் சரியான மோட்டாருக்கு நான் இதுவரைக்கும் பாஸ் போட்டதில்ல, என்ர கைக்கு மட்டும் எப்புடிப் போடறதுன்னு கேக்கறாரு. நான் என்னத்தச் சொல்ல?”

பூங்கோதை செருப்புக்கூடப் போடாமல் அவளுக்கு முன்னால் கீழே இறங்கினாள்.

மருதாசலம் பெட்டியின் பக்கத்தில் வழக்கம்போல உட்கார்ந்திருந்தார். கண்கள் மூடியிருந்தன, உள்ளங்கைகள் பெட்டியின் மேல். பட்டை நூறில் நின்றது. குணவதி வாசலில் நின்றபடியே தரையில் இரண்டு மிதி மிதித்தாள். அவர் கண்ணைத் திறந்து, பூங்கோதையைப் பார்த்து, முகமெல்லாம் சிரித்தார். வந்து நீயும் கை வைத்துப் பார் என்பது போலப் பெட்டியைத் தட்டிக் காட்டினார்.

அவள் அவர் முன்னால் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினாள். உதடு நடுங்கியது. அவர் நெற்றியைச் சுருக்கி அவள் வாயையே பார்த்தார். புரியவில்லை என்று தலையசைத்தார். மறுபடி சொன்னாள், மறுபடி தலையசைத்தார். பொய்யைச் சொன்ன அன்று அந்த உதடு எவ்வளவு தெளிவாக வேலை செய்தது என்பது அவளுக்கு நினைவு வந்தது. அவர் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து நீட்டினார்.

எழுதினாள். எதையும் விடவில்லை. கூட்டத்தில் சிரித்ததை எழுதினாள், பட்டை பொம்மை என்பதை எழுதினாள், எதிர் அலையை எழுதினாள். குறை இல்லை என்று தெரிந்தே எழுதிக் கொடுத்ததையும் எழுதினாள். ‘உங்கள் கைக்கும் காலுக்கும் ஒன்றும் ஆகவில்லை, அண்ணா. ஒரு நாளும் ஆகவில்லை’ என்று முடித்தாள்.

அவர் தோளுக்கு மேலாகக் குனிந்து படித்துக்கொண்டிருந்த குணவதிதான் முதலில் நிமிர்ந்தாள்.

“முக்கா மணி நேரம்!” என்றாள். குரல் எழும்பவே இல்லை. “முக்கா மணி நேரம் ஈரத்துல கெடந்தேன். உன்ர தலவலிக்கா? மூணு தடவ வந்து சொன்னியே, நாலாந்தடவ வந்து கத்தியிருந்தா என்ன? சண்ட போட்டிருந்தா என்ன? என்ர கையில கச்சாயத்த வாங்கித் தின்னுட்டு…” அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். விபூதி பூசிய விரல்களைச் சேலையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

மருதாசலம் திட்டவில்லை. குறிப்பேட்டை இரண்டாவது முறை படித்தார். பாட்டை நிறுத்தினார். எழுந்து போய் அலமாரியிலிருந்து நீளமான ஒரு ரெஜிஸ்டரைக் கொண்டுவந்து அவள் முன்னால் தரையில் விரித்தார். கம்பெனியில் மோட்டார்களுக்கு வைத்திருப்பது போலக் கட்டம் கட்டிய ரெஜிஸ்டர். தேதி, பேஸ், இடது கை, வலது கை, பாதம், காரணம். ஐந்து மாதங்களாக ஒரு நாள் விடாமல் தன் கையைத் தானே டெஸ்ட் செய்து பதிந்து வைத்திருந்தார். பேஸ் நூறு, இல்லை, இல்லை, இல்லை. பேஸ் நூறு, இல்லை, இல்லை, இல்லை. பக்கம் பக்கமாக அதே வரி. கடைசி வரி அன்றைக்குச் சாயங்காலத்தினுடையது: பேஸ் நூறு, உண்டு, உண்டு, உண்டு. காரணம் என்ற கட்டம் காலியாக இருந்தது.

அவர் பக்கங்களைத் திருப்பி முதல் வரிக்குப் போனார். ஜனவரி பத்தொன்பது. அதன் காரணக் கட்டத்தில் அவருடைய நேரான கையெழுத்தில் எழுதியிருந்தது: ‘இன்று புது டிரைவர் போட்டது. அதன் பிறகே குறைவு. டிரைவரில் குறை இருக்கலாம்.’

அந்த வரியின் மேல் அளவுகோல் வைத்து ஒரு கோடு கிழித்திருந்தார். கீழே நான்காம் நாள் அவள் எழுதிக் கொடுத்த தாளைக் குறிப்பேட்டிலிருந்து கிழித்து ஒட்டியிருந்தார். அதற்கும் கீழே: ‘கோதை நேரில் பார்த்துச் சொல்லிவிட்டார். பெட்டியில் குறை இல்லை. எனவே குறை கையில்.’

முதல் நாளே கண்டுபிடித்திருக்கிறார். பேரிங்கில் ஒரு துளி மண்ணைக் கண்டுபிடிக்கிற அந்தக் கை, டிரைவரில் அவள் வைத்த பொய்யை அன்றைக்குச் சாயங்காலமே கண்டுபிடித்திருக்கிறது. அவளுடைய ஒரு வரிக்காக அவர் தன் கை சொன்னதைக் கோடு போட்டு அடித்துவிட்டு அவளை நம்பியிருக்கிறார். பூங்கோதை அந்தக் கோட்டை விரலால் தொட்டாள். அதற்குக் கீழே ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகப் படிக்க வந்தது.

அவர் பேனாவை நீட்டினார். எதற்கென்று அவளுக்குப் புரியவில்லை. குணவதி திரும்பாமலேயே சொன்னாள்:

“அவங்க கம்பெனி வழக்கம் அது. தப்பா எழுதுனா அழிக்கக் கூடாது. படிக்கற மாதிரி ஒத்தக் கோடு போடோணும். யாருனால தப்போ அவுங்க பக்கத்துல கையெழுத்துப் போடோணும். போடாத வரைக்கும் அந்தப் பக்கம் செல்லாது.”

மருதாசலம் அளவுகோலை எடுத்து ‘எனவே குறை கையில்’ என்பதன் மேல் ஒரு கோடு இழுத்தார். கோட்டின் முனையில் விரலை வைத்துக் காட்டினார். அவள் அங்கே தன் முழுப் பெயரை எழுதினாள். கடைசி வரிக்கு வந்து, காலியாக இருந்த கட்டத்தில் ‘டிரைவர் நீக்கப்பட்டது’ என்றும் எழுதினாள். கட்டம் சின்னது, அதற்கு மேல் இடமில்லை.

அவர் குறிப்பேட்டில் எழுதினார்: ‘திங்கட்கிழமை இதைக் கம்பெனியில் காட்டுவேன். சீல் என்னிடமே இருக்கும்.’ கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னொரு வரி: ‘இந்த டிரைவர் வேறு எத்தனை வீட்டில்?’

அவள் நாற்பதாயிரம் என்று எழுதினாள். எண்ணாக எழுதக் கை வரவில்லை, எழுத்தால் எழுதினாள்.

அவர் அதைப் படித்தார். நாற்பதாயிரம் வீட்டில் எத்தனை பேர் தரையில் கால் வைத்துக் காத்திருப்பார்கள், எத்தனை பேர் தரையைத் தட்டிக்கொண்டிருப்பார்கள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அவளும் அதையேதான் நினைத்தாள். கடைசியில் கேட்டார்: ‘உங்கள் கம்பெனியிலும் ரெஜிஸ்டர் உண்டா?’

உண்டு. ஒவ்வொரு பிழைக்கும் எண் போட்டு, யார் செய்தது என்று பெயர் போட்டு வைக்கிற பதிவு. அங்கே போய்ப் பெயரை எழுதினால் என்ன ஆகும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். பொன்னாடை போர்த்த மாட்டார்கள். வேலை இருக்குமா என்பதே சந்தேகம். அவள் தலையாட்டினாள். இந்தத் தடவை அவருக்குப் புரிந்தது.

எழுந்தாள். மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல நினைத்து, அதைக் கேட்கிற அருகதை தனக்கு இல்லை என்று தோன்றியதால் சொல்லாமல் வாசலை நோக்கி நடந்தாள். குணவதி அவளைப் பார்க்கவில்லை.

வாசற்படியில் கால் வைத்தபோது முதுகுக்குப் பின்னால் தரை இரண்டு முறை அதிர்ந்தது. பாதத்தில் அது துல்லியமாகத் தெரிந்தது. அந்த வீட்டில் ஒருவரை ஒருவர் எப்படிக் கூப்பிடுவார்களோ அப்படியே அவளைக் கூப்பிட்டிருக்கிறார். திரும்பினாள்.

மருதாசலம் ரெஜிஸ்டரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அவளுடைய கையெழுத்துக்குப் பக்கத்தில் விரலை வைத்திருந்தார். அவள் அங்கே தேதி போட்டிருக்கவில்லை.

அவள் திரும்பி வந்து பேனாவை வாங்கி ஜூன் என்று எழுதப் போனாள். அவர் அவள் மணிக்கட்டை மெல்லப் பிடித்து நிறுத்தினார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் வேண்டாம் என்று தலையசைத்து, பக்கத்தின் உச்சியில் இருந்த முதல் வரியைக் காட்டினார்.

பூங்கோதை தன் பெயருக்குக் கீழே ஜனவரி பத்தொன்பது என்று எழுதினாள்.